பழைய மொழிபெயர்ப்பில் ஓர் உபசாரம்

ஆஸ்லோவில் எனக்குக் கிடைத்த ஆராய்ச்சி வேலையை வெளியே சொல்லவே கூச்சம். லத்தீனில் உள்ள ஒரு பழைய எலிக்கதையை, அதை ஆதியில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களில் ஒருவருடைய அச்சுப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். நகரத்து எலி கிராமத்து எலியின் வீட்டுக்கு விருந்துக்கு வருகிற கதைதான். "எலியைப் பத்திப் படிக்கவா அவ்வளவு தூரம் போனே?" என்று அம்மா போனில் கேட்டாள். நியாயமான கேள்வி.

குடியிருந்தது ஆஸ்லோவின் ஓரத்திலுள்ள அம்மருட்டில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில். எதிர் வீட்டில் வயதான நார்வேக்கார அம்மாள் தனியாக இருந்தார். நான் குடிவந்த வாரமே கதவைத் திறந்து, காபி குடிக்க வருகிறாயா என்று கேட்டார். ஆசைதான். ஆனால் கேட்ட மாத்திரத்தில் போய் உட்கார்ந்தால் அலைகிறவள் என்று நினைக்கமாட்டார்களா? நன்றி, வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். இரண்டு குளிர்காலம் போயிற்று. லிஃப்டில் பார்த்தால் ஒரு 'ஹை', அதோடு சரி. என் நிறம் பிடிக்கவில்லையோ, தாளிக்கிற வாசனை பிடிக்கவில்லையோ என்று மனதுக்குள் கறுவினேன். சனி ஞாயிறுகளில் வாயைத் திறக்கவே வேலை இருக்காது. தனிமை என்னைத் தின்றது, வேறெப்படிச் சொல்ல?

பிறகு ஒருநாள் எலிகள் விருந்துக்கு உட்காரும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். லத்தீனில் வீட்டுக்கார எலி இருப்பதையெல்லாம் எடுத்து வைக்கிறது, விருந்தாளி பட்டும் படாமல் கொறிக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் பெயர்த்தவரோ மூலத்தில் இல்லாததைத் தன் கையிலிருந்து போட்டிருந்தார். விருந்தாளி போதும் என்கிறது. வீட்டுக்கார எலி விடாமல் இன்னும் கொஞ்சம் என்கிறது. மறுபடி போதும், மறுபடி கொஞ்சம். அச்சு அசலாக எங்கள் வீட்டுப் பந்தி. வற்புறுத்தாத விருந்தை அந்த மனிதரால் விருந்தென்றே ஏற்க முடியவில்லை போலும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் அதைக் காட்டி, அப்படியே எதிர் வீட்டுக் கதையையும் சொன்னேன்.

"இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம், அக்கா," என்றாள். "நீங்கள் வேண்டாமெண்டால் அவை அதை நம்பிப்போடுவினம்."

சுருக்கென்றது. இத்தனை நாள் பொத்திவைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? உங்கள் வீட்டில் காபி குடிக்க ஆசையாக இருக்கிறது என்று நார்வே மொழியில் சொல்ல மெட்ரோவிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு, அன்று மாலையே போய் மணியை அழுத்தினேன்.

நடுவயதுப் பெண் ஒருத்தி திறந்தாள். அவருடைய மகளாம். அவளுக்குப் பின்னால் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அம்மாவைப் போன வாரம் பெர்கனுக்கு, தன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போய்விட்டதாகச் சொன்னாள். எதிர் வீட்டிலேயே இருந்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நீங்கள்தானே எதிர் வீட்டுப் பெண்? அம்மா சொல்வாள். தனியாக இருக்க விரும்புகிறவள், தொந்தரவு செய்யக் கூடாது என்பாள்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி போடட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டு முடிக்கும் முன்பே வேண்டும் என்றேன். ஒட்டிவைத்திருந்த பெட்டி ஒன்றைப் பிரித்து, எனக்காக ஒரு கோப்பையை வெளியே எடுத்தாள்.