கேஸுக்கு ஒரு ஒப்பு

இது முழுக்க முழுக்க உண்மைக் கதை. பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி ஊர்ப் பால் சொசைட்டி வரிசையில் நின்றவர்களிடம் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். அரைப்படி தண்ணீர் கலந்திருக்கிறேன். ஆனால் அது ராசம்மாள் அக்காவின் கிணற்றுத் தண்ணீர் இல்லை, பயப்படாமல் குடிக்கலாம்.

அக்காவுக்கு இரண்டு எருமை, ஒரு கிணறு. அவர் எருமையை அதட்டினால் அடுத்த ஊர் நல்லேப்பிள்ளியில் பஸ் நிற்கும். போன வருடம் பக்கத்துத் தென்னந்தோப்பில் ஒரு கம்பெனி, பூமிக்கடியில் கேஸ் இருக்கிறதா என்று பார்க்கத் துளை போட்டது. இரண்டாம் மாதமே கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை. எருமைகள் தொட்டியை மோந்துவிட்டு, காப்பியில் சர்க்கரை குறைந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டன. அக்கா ஒரு மைல் நடந்து குடத்தில் சுமந்து ஊற்றினார். அந்த எருமைகளுக்கு ஆழியாறு அணையே ஒரு வேளைக்குத்தான் வரும்.

கம்பெனி மேல் கேஸ் போடப் போவதாக அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பிரதீப் என்று ஒருவன், மலையாளத்தில் அடித்த தாளோடு வந்தான்.

"கேஸுக்கு ஒரு ஒப்பு வேணும் சேச்சி."

ஒப்பு என்றால் மலையாளத்தில் கையெழுத்து. எங்கள் வாயில் அடுப்பில் எரிவதும் கேஸ், கோர்ட்டில் நடப்பதும் கேஸ். மலையாளம் படிக்கத் தெரியாத அக்கா அவனுக்குக் காப்பி கொடுத்து, கையெழுத்துப் போட்டு, இன்னும் பத்து வீட்டில் வாங்கியும் கொடுத்தார்.

கிராம சபையில் அவர் கிணற்றுத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டியதும், ஆபீசர் அதே தாளை வாசித்தார். கேஸ் எடுக்கப் பதினோரு வீட்டுக்கும் சம்மதமாம். கிணற்றைத் தூர்வாரவில்லை, அதுதான் வாடை என்றான் பிரதீப். அவன் கம்பெனி ஆளாம். பாட்டில் மூடியை ஒருத்தரும் திறக்கவில்லை.

"ஏனுங்க, கேஸுன்னா எந்தக் கேஸுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?" என்றார் அக்கா.

பதினோரு பேரும் வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும், ஒருத்தர் குறைந்தாலும் செல்லாது என்றார் ஆபீசர். அக்கா வீடு வீடாக நடந்து ஒன்பது பேரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். பாக்கி ஒரே ஆள், ராக்கப்பன். எனக்கு முன்னால்தான் வரிசையில் நின்றார். அவருக்காகத்தான் கதையையே எடுத்தேன்.

"நான் வரலீங்க. பையனுக்கு அங்கதான் வாட்ச்மேன் வேலை," என்றார்.

கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தியான மௌனிகா, பின்னாலிருந்து முன்னே வந்தாள்.

"உங்க ஊட்டுக் கிணறு மேட்டுல இருக்குதுங்க மாமா. எங்க ஊட்டுக் கிணத்துத் தண்ணியால கொழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு."

"படிக்காம போட்டது உன்ற தப்பு."

"நீங்க படிச்சுப் பாத்துத்தான் போட்டீங்களாக்கும்?"

ராக்கப்பன் பால் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் போசியின் காதைப் பிடித்தாள். அவர் இழுத்தார். பால் என் வேட்டியில் கொட்டியது. வரிசை இரண்டாகப் பிரிந்து கத்த ஆரம்பித்தது. பத்து ஒப்பு தயார், பதினோராவது மட்டும் போசியோடு இழுபட்டுக்கொண்டிருந்தது.