நானும் சொன்ன ஆமென்

போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கல்லூரி முடித்த ஒரே ஆளும் நான்தான். அதனால் அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மீதி இருந்தது உடல் தகுதித் தேர்வு. நானூறு மீட்டர் ஓட வேண்டும். மரக்காணத்தில் ஓடுவதற்கு எனக்குக் கிடைத்த இடம், அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போகும் உப்பளத்தின் கரை.

அம்மாதான் கோச். விடிவதற்குள் அவளோடு போய், பாத்தியில் வாரி வைத்த உப்பைக் கூடையில் தூக்கிக் கரையில் கொட்ட வேண்டும். "நேத்தைவிட ஒரு கூடை சேத்துத் தூக்குடி," என்பாள். கழுத்து தாங்கப் பழகியது, தொடை இறுகியது. பிறகு ஸ்தோத்திரம். ஓடும் முன் ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லக் கூடாது என்பது அவள் சட்டம். முதல் நாள் என் கால்களுக்காகச் சொன்னேன். போகப் போகத் தேட வேண்டியிருந்தது. உப்புத் தண்ணீரில் வெடித்த குதிகால் ஆறியதற்கு, துரத்தி வந்த நாய் பாதியில் திரும்பிப் போனதற்கு என்று தேடித் தேடி, ஓடாத நேரத்திலும் கண் எதையாவது கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டது.

என் போன் பாத்தியில் விழுந்து கெட்ட பிறகு அம்மாவின் பாட்டுதான் எனக்குக் கடிகாரம். சபையில் பாடும் பாட்டு ஒன்றின் மூன்று சரணமும் தேர்வில் தரும் நேரமும் சரியாக இருப்பதை, போன் நன்றாக இருந்தபோதே அளந்து வைத்திருந்தோம். அவள் கைதட்டிப் பாடுவாள். முடிவதற்குள் நான் சுற்றி வந்துவிட வேண்டும். வந்தேன். வாராவாரம் இன்னும் முன்னதாகவே வந்தேன். "குதிரைடி நீ," என்றாள்.

தேர்வு நெருங்கியபோது ஒரு வெள்ளிக்கிழமை மழை கொட்டிப் பாத்தியில் இருந்த உப்பெல்லாம் கரைந்துவிட்டது. வேலை இல்லாததால் அம்மா பெண்களின் உபவாச ஜெபத்துக்குப் போய்விட்டாள். நான் ரிப்பேர் கடையில் போனை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் சபைக்குள் நுழைந்து, கடைசியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாரும் கண்களை மூடியிருந்தார்கள். நானும் மூடிக்கொண்டேன். பாஸ்டரம்மா ஜெபக்குறிப்புகளைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார். எங்கள் சபையில் குறிப்பு கொடுத்தவரின் பெயரைச் சொல்வதில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லாரும் ஆமென் சொல்வோம்.

"ஒரு சகோதரியோட முட்டிவலி நீங்கணும் ஆண்டவரே."

ஆமென்.

"ஒரு சகோதரியோட மகள், போலீஸ் ஓட்டத்துல ஜெயிக்காம, பாண்டிச்சேரி வரனே அமையணும் ஆண்டவரே."

ஆமென் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. எங்கள் சபையில் வேறு யாருடைய மகளும் ஓடவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து வரன் வந்திருந்ததும் எனக்குத்தான். கண்ணைத் திறந்தேன். முன்வரிசையில் அம்மா இரண்டு கைகளையும் உயர்த்தி அழுதுகொண்டிருந்தாள்.

அன்று அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை, அவள் பாட ஆரம்பித்ததும் கைக்குள் மறைத்திருந்த போனில் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு ஓடினேன். கடைசிச் சரணம் பாதியில் இருக்கும்போதே வந்து சேர்ந்தேன். போனைப் பார்த்தேன். தேர்வு நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

"இழுத்து இழுத்துப் பாடியிருக்க."

"வயசாகுது இல்ல? மூச்சு வாங்குது."

"நேத்து ஜெபத்துல நானும் கடைசில உக்காந்திருந்தேம்மா. ஆமென்கூட சொன்னேன்."

அம்மா குனிந்து புடவையின் ஈரத்தைப் பிழிந்தாள். பிழிந்த இடத்தையே மறுபடி பிழிந்தாள். "எந்த ஊர்ல போடுவானுங்களோ. அந்த வரன் வூட்ல போலீஸ்காரி வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் சொன்னா நீ கேப்பியா? படிச்சவ. அதான் ஆண்டவர்கிட்ட சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு என்ன கூடை தூக்க வெச்ச?"

"நீ ஆசப்பட்டியே," என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் கழுத்தையும் காலையும் பலமாக்கிய அதே ஆள், நான் தோற்பதற்காக உபவாசம் இருந்தாள். என்னைக் குதிரை என்றவளும் அவள்தான்.

மறுநாள் தனியாகக் கிளம்பினேன். பின்னாலேயே வந்தாள்.

"ஸ்தோத்திரம் சொல்லிட்டு ஓடு."

"என் காலுக்கு ஸ்தோத்திரம்."

"அத மொத நாளே சொல்லிட்டடி."

"அது வேற காலு."

பாடுவதற்கு வாயைத் திறந்தாள். "நீ பாடாத," என்றேன்.

அதன் பிறகு போன் சொன்னதை மட்டும் நம்பினேன். வேகம்தான் பொய்யாக இருந்தது, பலம் பொய்யில்லை. சுமந்த உப்பெல்லாம் காலில் இருந்தது. குறைக்க வேண்டிய நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். தேர்வு நாளில் மைதானத்தில் விசில் அடித்ததும் ஓடினேன். நேரம் மீதி வைத்தே கோட்டைத் தாண்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நடந்த நன்மையை எழுந்து சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் நான் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"என் பொண்ணு ஓட்டத்துல ஜெயிச்சிட்டா. அவளுக்காக உபவாசம் இருந்து முட்டி போட்டேன். ஆண்டவர் என் ஜெபத்தக் கேட்டாரு."

சபை மொத்தமும் ஆமென் என்றது. பாஸ்டரம்மா மட்டும் பைபிளில் எதையோ தேடினார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்: "ஏண்டி, நீ ஆமென் சொல்லல?"

"போன தடவ சொன்னதே போதும்," என்றேன்.