பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

போன வாரம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த பெரிய டிவி திடீரென்று கறுத்தது. கரண்ட் போய் வந்திருக்க வேண்டும். நகைக்கடைப் பெண் சிரித்த இடத்தில் வெள்ளை எழுத்து வரிகள் கீழிருந்து மேலே ஓடின.

"எவனோ ஹேக் பண்ணிட்டான் போல," என்றார் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர்.

"நம்ம பஸ் ஸ்டாண்ட ஹேக் பண்ணி என்னாத்த எடுத்துக்கினு போவான்? பஸ்ஸே வர மாட்டேங்குது," என்றார் பக்கத்தில் நின்றவர்.

நான் வரிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கவனத்தில் சிதம்பரம் பஸ் போய்விட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று விழித்தெழும்போது தனக்குத் தெரிந்ததையெல்லாம் இப்படித்தான் வரிவரியாகச் சொல்லும். அதைப் பார்த்தால் எனக்குச் சந்தன வாசனை அடிக்கும். நண்பரே, இது பக்தி அல்ல.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். அப்போது கடலூர் செம்மண்டலத்தில் ஒரு சின்ன நாளிதழின் மாவட்ட அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். மாடியில் இரண்டு அறை. கடல் காற்றில் ஜன்னல் கம்பிகூடத் துருப்பிடிக்கும். மூலையில் ஒரு கம்ப்யூட்டர். நிருபர்கள் அனுப்பும் செய்தியும் படமும் அதில்தான் சேரும். சிதம்பரத்திலிருந்து வந்து அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் அந்தோணி. என் வயதுக்காரன். "ஆஃப் மட்டும் பண்ணாத மச்சான். அது பாட்டுக்கு ஓடட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனான். அது பாட்டுக்கு ஓடியது. கரண்ட் போனாலும் யூபிஎஸ் தாங்கியது; பத்து மாதமாக அது கண் மூடவில்லை. அது எப்படிக் கண் திறக்கும் என்று எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

எங்கள் சிதம்பரம் நிருபர் கதிரேசன். ஒல்லியான மனிதர், பேனாவைக் காதில் செருகியிருப்பார். இறால் பண்ணைக்காரர் ஒருவர் உப்புத் தண்ணீரைப் பாசன வாய்க்காலில் திறந்துவிடுகிறார் என்று எழுதினார். பண்ணைக்காரர் அவதூறு வழக்குப் போட்டார். கதிரேசனிடம் ஒரே ஆதாரம், குழாய் வாய்க்காலில் கொட்டும் படம். அலுவலகத்துக்கு இருந்தது ஒரே டிஜிட்டல் கேமரா. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கேமராவில் இருப்பதை அழித்து அடுத்தவரிடம் கொடுத்துவிடுவோம். அதில் தேதி வைக்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. ஆகவே அந்தப் படம் இருந்த ஒரே இடம் அந்த மூலைக் கம்ப்யூட்டர். வழக்கு விசாரணை விஜயதசமிக்கு மறுநாள்.

ஆயுத பூஜையன்று மேனேஜர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். டைப்ரைட்டர், ஃபேக்ஸ், என் கத்தரிக்கோல். ஓடுகிற ஆயுதத்துக்குப் பூஜை செய்யக் கூடாது, அது ஓய்வெடுக்க வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினார். சந்தனம், குங்குமம், கற்பூரம். நான் பொரி தின்றுகொண்டு பார்த்தேன்.

மறுநாள் காலை படத்தை எடுத்து வக்கீலிடம் சேர்ப்பது என் வேலை. சுவிட்சைப் போட்டேன். ஒரு பீப். திரையில் எல் என்ற ஆங்கில எழுத்து. பிறகு ஐ. அதோடு நின்றது. சந்தனம் காய்ந்த பெட்டியிலிருந்து விசிறிச் சத்தம் மட்டும் வந்தது.

ஃபோன் போட்டேன். அந்தோணி கேட்ட முதல் கேள்வி: "எவன்டா ஆஃப் பண்ணது?"

"பூஜைக்கு..."

"நல்லா கும்புட்டீங்க. எத்தினி எழுத்து வந்துச்சு?"

"ரெண்டு."

விளக்கினான். பெட்டி எழுந்ததும் டிஸ்கின் முதல் துண்டைப் படிக்கும். அதிலிருக்கும் குட்டி நிரல்தான் முழு லினக்ஸையும் தூக்கிவர வேண்டும். ஒவ்வொரு படி முடிந்ததும் ஓர் எழுத்து. நான்கு வந்தால்தான் பிழைத்தது. உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி. கரண்ட் இல்லாதபோது தேதியையும் டிஸ்கின் அளவையும் நினைவில் வைப்பது அதுதான். அது எப்போதோ செத்திருக்கிறது. கரண்ட் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை.

"டெலீட்ட அமுக்கினே ஆன் பண்ணு. நீலக் கலர்ல வருதா? மொதல்ல தேதி இருக்கும், அத—"

வக்கீல் பன்னிரண்டு மணிக்குள் வரச் சொல்லியிருந்தார். "தேதி கெடக்குது, டிஸ்க்குக்கு வா," என்றேன்.

டிஸ்க்கை அதுவே கண்டுபிடிக்கும்படி வைத்தேன். நான்கு எழுத்தும் வந்தன. வரிகள் பாய்ந்தன: நினைவகம் இவ்வளவு, விசைப்பலகை உண்டு, டிஸ்க் உண்டு. வயரைப் பிடுங்கி அணைத்ததால் டிஸ்க்கை முழுக்கச் சோதித்தது. நடுவில் ஒரு வரி: இந்த டிஸ்க் கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது. படித்தேன். வேடிக்கையான இங்கிலீஷ் என்று நினைத்தேன்.

படம் பத்திரமாக இருந்தது. ஃபிளாப்பியில் நகல் எடுத்தேன். கோர்ட்டுக்குக் கெத்தாக இருக்கட்டும் என்று ஃபிளாப்பியின் கோப்புப் பட்டியலையும் அச்செடுத்து இணைத்தேன். தினமும் முதல் பக்கத்தில் தேதியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள் நான். அந்தத் தாளில் தேதியைப் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, இந்தப் படம் என் கட்சிக்காரர் பண்ணையே ஆரம்பிக்காத காலத்துல, ஒரு ஜனவரி ஒண்ணாந்தேதி எடுத்ததுன்னு அவுங்களே எழுதிக் குடுத்துருக்காங்க." கோர்ட்டில் சிரித்தார்கள். கதிரேசன் காதிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். எங்கள் வக்கீல் வாய்தா வாங்கினார்.

மேனேஜரிடம் போய், டிஸ்கில் மூலப்படம் சரியான தேதியோடு இருக்கிறது, பேட்டரி செத்ததால் நகலில்தான் தப்புத் தேதி விழுந்தது என்றேன்.

"பூஜை போட்டோம், கடியாரம் பின்னால போயிடுச்சுன்னு கோர்ட்ல சொல்லச் சொல்றியா? ஏற்கெனவே செலவு ஜாஸ்தி. அதத் தொடாத."

அடுத்த வாய்தாவுக்கு முன் நான்காம் பக்கத்தில் நான்கு வரி வருத்தம் வெளியானது. அந்த நான்கு வரியையும் எழுதியது நான். கதிரேசனை நீக்கினார்கள். மூலப்படம் அதன்பின் இரண்டு வருடம் என் நாற்காலிக்கு ஆறடி தூரத்தில் இருந்தது. ஒரு வரி தட்டினால் நகல் வந்திருக்கும். பிறகு பத்திரிகை மூடப்பட்டது. மேசை, ஃபேக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் பழைய இரும்புக்குப் போயின.

பஸ்ஸைத் தவறவிட்ட அன்று நான் போய்க்கொண்டிருந்தது கதிரேசனைப் பார்க்கத்தான். அவரே ஃபோன் செய்து கூப்பிட்டிருந்தார். சிதம்பரத்தில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"அந்த ஒரிஜினல் எங்கயாச்சும் இருக்குதா?" என்றார்.

"இப்ப எதுக்குண்ணே?"

"வாய்க்காலயே மண்ணு கொட்டித் தூத்துட்டாங்க. ஊர்க்காரங்க மனு குடுத்தா, அங்க வாய்க்கால் இருந்ததுக்கு என்ன ஆதாரம்னு கேக்குறாங்க. எனக்குத் தெரிஞ்சி அந்தப் போட்டோ ஒண்ணுதான்."

இல்லை என்றேன்.

"போவட்டும். பேட்டரி செத்ததுக்கு நீ என்னா பண்ணுவ," என்றார்.

தேதியைத் தாண்டச் சொன்னது யார் என்று அவருக்கு அன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோ பிடித்து அந்த இடத்துக்குப் போனேன். வாய்க்காலும் கரையும் இருந்த தடமே இல்லாமல் தரை சமமாகக் கிடந்தது. மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.