மலை எந்தக் கைப் பக்கம்

அடி அண்ணாமலை ஊர்க்காரி தனத்துக்கு நாற்பத்தாறு வயது. செங்கம் சாலையில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். வேலை முடிந்ததும் சிவப்பிரியா மிஸ்ஸின் ஆங்கில வகுப்பு. அன்றைய செய்தி ஒன்றைப் படித்து, தாளைக் கவிழ்த்துவிட்டுச் சொந்தமாகச் சொல்ல வேண்டும். சினிமாவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, கதாநாயகிக்கு வசனம் பேச வேண்டும். இரண்டிலும் தனம் வெளுத்து வாங்குவாள்.

வழி சொல்லும் விளையாட்டில்தான் மாட்டிக்கொண்டாள். கண்ணைக் கட்டிய தோழியை நாற்காலிகளுக்கு நடுவே நடத்தும்போது, லெஃப்ட், ரைட் சொல்லாமல், "ஹில் சைடு! ஹில் சைடு!" என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? கிரிவலப் பாதையில் பிறந்தவள் வேறெப்படி வழி சொல்வாள்?

மிஸ் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் சொன்னீங்க தனம்மா. அதையே முழுசா சொல்லிப் பாக்கலாம்" என்று மலையை வைத்தே ஒரு வாக்கியம் அமைத்து, அதைப் பத்து முறை சொல்ல வைத்தாள்.

அதன்பின், போன மாதம் ஒரு நாள், விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கிரிவலம் போனபோது வயல்களுக்குள் வழிதவறிவிட்டாள். அவள் ஃபோன் செய்தபோது மேனேஜர் இல்லை, தனம்தான் எடுத்தாள்.

"கோ டு த ஹில். ரோடு வில் கம். தென் கீப் த ஹில் ஆன் யுவர் ரைட். டோன்ட் ஸ்டாப்."

பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண் விடுதி வாசலில் வந்து நின்றாள்.

மறுநாள் வகுப்பில் செய்தி சொல்வது தனத்தின் முறை. கவிழ்த்து வைக்கத் தாள் இல்லை. நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மிஸ் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்:

"அன்னிக்கு நீங்களும் சிரிச்சிருந்தீங்கன்னா, நேத்து அந்த ஃபோன அப்படியே கீழ வச்சிருப்பேன் மிஸ்."