கொக்கோக் காய் பிடித்த சிங்கம்

ஊரிலிருந்து வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள், இந்த நாட்டில் தேசியக் கொடியையும் காலுறைகளோடு சேர்த்து மெஷினில் தோய்த்துக் கயிற்றில் காயப்போடுகிறார்கள். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் குசினி யன்னலால் பார்த்தால் பக்கத்து வீட்டு வளவு தெரியும். ஒருநாள் அங்கே இரண்டு துவாய்களுக்கு நடுவே சிவப்புத் துண்டும் அதில் ஒரு மஞ்சள் சிங்கமும் ஆடிக்கொண்டிருந்தன. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மஞ்சள் சிங்கம் என்றால் ஒன்றுதான், இலங்கைக் கொடி. எங்கள் சந்தியில் இருந்த இராணுவச் சென்றிக் காவலரணில் அது வாளோடு பறக்கும். நாங்கள் சைக்கிளால் இறங்கி, உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையை நீட்டியபடி அதைக் கடப்போம். அதைப் போய் யார் ஆசையாய்த் தோய்ப்பது? பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் வேறு கவுண்டர். தபால்காரர் மாறித் தந்த பார்சலில் பார்த்திருந்தேன். தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு இந்த வேலையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இனி அங்கை போக வேண்டாம்" என்று மகளிடம் சொன்னேன். புதுப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி அந்த வீட்டுப் பிள்ளை மீரா. ஏன் என்று கேட்டாள். நான் யன்னல் சீலையை இழுத்து மூடினேன். மூன்று கிழமை அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கவுண்டர் அதே கொடியை மாடி யன்னலில் விரித்துக் கட்டினார். ரக்பி ஆட்டமாம். அப்போதுதான் முழுவதையும் கண்டேன். வெளிர்நீலத் துணி, ஒரு மூலையில் பிரித்தானியக் கொடி, மற்றப் பக்கம் ஒரு கேடயம். சிங்கம் அதன் சிவப்பு மேற்பட்டையில் இருந்தது. கையில் வாள் இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அது என்னத்தைப் பிடித்திருக்கிறது என்று அறிய ஆசையாக இருந்தது. வீட்டுச் செருப்போடேயே போய்க் கேட்டேன்.

கொக்கோக் காய் என்றார். அது ஃபிஜித் தீவுகளின் கொடி. கேடயம் வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் கொடுத்தது, சிங்கமும் அவர்களுடையதுதான். கீழே கரும்பு, தென்னை, வாழைக்குலை, ஒரு புறா. சுதந்திரம் வந்தபோது அதையே கொடியிலும் வைத்தார்கள். பிறகு மாற்றிவிட அரசாங்கம் வெளிக்கிட்டதாம். ஒலிம்பிக் ரக்பியில் தங்கம் வென்ற சனம் இதையே தூக்கிக்கொண்டு ஆடவும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். அவருடைய பாட்டனின் தகப்பன் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கரும்பு வெட்டப் போனவர். பெயர் மிஞ்சியது, தமிழ் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அங்கிருந்த இந்தியர் பலரைப்போல இவர்களும் வெளியேறினார்கள்.

நான் மகளை மறித்த கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தன் தாயும் கனகாலம் அந்தக் கொடியை வீட்டுக்குள் விடவில்லை என்றார். பிறகேன் நீங்கள் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கரும்பு நாங்கள் வெட்டினது," என்றார் ஆங்கிலத்தில். "அதை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?"

பின்னேரம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனேன். மகள் என்னைத் திரும்பியும் பாராமல் மீராவோடு போய் ஒட்டிக்கொண்டாள். டிவியில் ஃபிஜியின் கீதம் தொடங்கியது. கவுண்டர் குடும்பம் எழுந்தது. ஒருவரும் சொல்லாமலே நானும் எழுந்தேன். மீரா மகளின் காதில் ஏதோ கேட்டாள். மகள் மூன்று கிழமைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, எங்கடை கொடி எது?"

"பாட்டு முடியட்டும், சொல்லுறன்."

பாட்டு முடிந்தது. எல்லோரும் திரும்பக் கதிரைகளில் இருந்துவிட்டார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.