ஜாய்சனின் ரத்தமும் கொடிவேலி வேரும்

தாம்பரத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் செல்வமேரி ஆறேழு வருடமாகக் கொடிவேலி மூலிகையின் வேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தோலில் பட்டால் கொப்பளிக்கும் வேர். அதிலிருந்து பிரித்தெடுத்த மஞ்சள் பொருளை ரத்தப் புற்றணுக்களின் மேல் விட்டால் அவை செத்தன. உடம்பில் பழுதான உயிரணு தன்னைத்தானே முடித்துக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. புற்றணு அதைப் பூட்டி வைத்துவிட்டுப் பெருகும். இந்த மஞ்சள் பொருள் அந்தப் பூட்டைத் திறந்தது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம், "தீசிஸ் முடியட்டும்" என்றாள்.

அப்படியிருக்கையில் தம்பி ஜாய்சனுக்கே அந்த ரத்தப் புற்றுநோய் வந்தது. ஊரப்பாக்கம் வீட்டில் இருந்ததே இவர்கள் இரண்டு பேர்தான். கீமோவில் முடி கொட்டி, ஒருவழியாகத் தேறி, மறுபடி வேலைக்குக் கிளம்பியவனைப் போன நோய் திரும்பி வந்து பிடித்தது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"அக்கா, லேப்ல தினம் சாவடிக்கிறியே, என்னோட செல்லுலயும் ஊத்திப் பாரேன்" என்றான் ஜாய்சன்.

"டேய், அது தட்டுல இருக்கிற செல்லுடா. உடம்பு வேற."

"தட்டுலயே ஊத்து. சாகுதான்னு தெரிஞ்சா போதும்."

அலைந்து திரிந்து அனுமதி வாங்கினாள். அவன் ரத்தம் கொஞ்சம் ஆய்வகத்துக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தமும் வேண்டும்; அதற்குத் தன் கையையே நீட்டினாள்.

இரண்டிலும் மஞ்சள் பொருளை விட்டு, மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். தம்பியின் புற்றணுக்கள் சுருங்கி, பிதுங்கி, துண்டு துண்டாக உதிர்ந்து கிடந்தன. உடனே அவனுக்குப் போன் போடக் கை பரபரத்தது. அடுத்த தட்டை நகர்த்திப் பார்த்தாள். அவளுடைய நல்ல அணுக்களும் அதேபோல உதிர்ந்து கிடந்தன. அளவைக் குறைத்துத் திரும்பச் செய்தாள். அவளுடையவை பிழைத்தன, அவனுடைய புற்றணுக்களும் பிழைத்துக்கொண்டன.

ஆஸ்பத்திரியில் ஜாய்சன் காத்திருந்தான்.

"செத்துச்சாக்கா?"

"செத்துச்சுடா."

"சிஸ்டர்! எங்கக்கா கொன்னுட்டாங்க!" என்று நர்ஸைக் கூப்பிட்டுச் சிரித்தான். பிறகு, "எப்பக்கா குடுப்ப?" என்றான்.

"குடுக்க முடியாதுடா. அந்த அளவுல என்னோட நல்ல செல்லும் செத்துடுச்சு. நோய்க்கு முன்னாடி நீ போயிடுவ."

"எப்படியும் போறவன்தானே?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"செத்துச்சுங்கறதோட நிறுத்தியிருக்கலாம்லக்கா" என்றான் மெல்ல.

அந்த வாரமே போய்விட்டான். அடக்கம் முடிந்தது, சபையார் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை அவள் ஆய்வகத்துக்குப் போனாள். பரிசோதனைக்காக வளர்த்துவந்த புற்றணுக்கள் கவனிப்பாரில்லாமல் குடுவையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஊட்டநீரை மாற்றாவிட்டால் அன்றைக்கே அழிந்துவிடும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு மாற்றிவிட்டாள்.