காரண்டின் 'டிங்' சத்தம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது எனக்கு நடந்தது. மிச்சிகனின் வடக்கு மூலையில், மான் வேட்டை தொடங்க இரண்டு நாள் இருந்தபோது.

வெண்டலின் துப்பாக்கிக் கடையில் இரண்டு பழைய ராணுவத் துப்பாக்கிகள் வந்திருந்தன. ஒன்று அமெரிக்கப் படையின் காரண்ட். மற்றது ஆங்கிலேயரின் என்ஃபீல்ட். காரண்டில் எட்டுத் தோட்டா. எட்டாவது வெடித்ததும், தோட்டாக்களைப் பிடித்திருந்த கவ்வி 'டிங்' என்று வெளியே தெறிக்கும். என்ஃபீல்டில் அந்தச் சத்தம் கிடையாது. அதனாலேயே அது எனக்குத் தேவலாம் போலிருந்தது.

என் தம்பி லைல் கடைசியாகத் தூக்கிப்போனதும் இதே மாதிரி ஒரு காரண்ட்.

இரண்டு வருஷம் முன்பு வேட்டைக்குப் போனவன் திரும்பவில்லை. காடு முழுக்கத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. அவன் மனைவி ரோக்சன் இன்றும் வாசல் விளக்கை அணைப்பதில்லை. புதைக்க ஒரு எலும்பாவது கொண்டுவந்து கொடுங்கள் என்று என்னிடம் அழுதிருக்கிறாள். எனக்கோ காரண்டைத் தொடவும் மனமில்லை, விடவும் மனமில்லை.

"கட்டிக்கப்போற பொண்ணையே நீ இவ்வளவு நேரம் பாக்கலியேடா, டுவேன்," என்றார் வெண்டல். "ரெண்டையும் எடுத்துட்டுப் போ. சுட்டுப் பாத்து ஒண்ணைத் திருப்பிக் கொடு."

சதுப்புக்காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். மாலை 4:52. இருட்டத் தொடங்கியிருந்தது. காரண்டைத் தோட்டா போடாமல் வண்டியின் பின்பலகையில் வைத்தேன். என்ஃபீல்டால் இரண்டு முறை சுட்டேன்.

எதிரொலி கேட்டது. ஒன்று... இரண்டு...

மூன்று.

பிறகு, 'டிங்'.

திரும்பிப் பார்த்தேன். காரண்ட் பலகையில்தான் கிடந்தது. ஆனால் நான் வண்டிப் பக்கமாக வைத்த குழல், இப்போது சதுப்பைப் பார்த்திருந்தது.

நான் கேட்டது எதிரொலி அல்ல. எங்கள் காட்டில் மூன்று வெடி என்றால், 'வழி தவறிவிட்டேன், வா' என்று அர்த்தம். கேட்டவன் ஒரு வெடியால் பதில் சொல்ல வேண்டும். ஒரு முறை சுட்டேன்.

"யாரு?" என்றேன்.

சத்தம் வந்த திசையில் நடந்தேன். பனியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. என் மூச்சு மட்டும்...

வேரோடு சாய்ந்த ஒரு மரம்.

அதன் அடியில் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுக் கோட்டு.

லைல்.

வெறும் எலும்பு. பக்கத்தில் துருவேறிய அவன் காரண்ட். "இவ்வளவு பக்கத்துலயாடா இருந்த?" என்று பனியில் உட்கார்ந்து அழுதேன். பயம் பிறகுதான் வந்தது.

ரோக்சன் அவனைப் புதைத்தாள். அன்றிரவு வாசல் விளக்கை அணைத்தாள். நான் வெண்டலிடம் என்ஃபீல்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு பெண் போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். லைல் பக்கத்தில் எட்டுக் காலித் தோட்டாக்கள் கிடைத்தனவாம். ஐந்து கறுத்துப் பச்சை பூத்தவை.

"மத்த மூணும் பளபளன்னு இருக்கு. இன்னும் மருந்து வாசம் போகல. அந்தத் துப்பாக்கியால நீங்க சுட்டீங்களா?"

எப்படிச் சுடுவது? துருவில் இறுகிய அதை அவர்களாலேயே அசைக்க முடியவில்லையாம்.

ஐந்தை அன்றைக்கே சுட்டிருக்கிறான். யாரும் வரவில்லை. மூன்றை மிச்சம் வைத்திருந்தான்... நான் வரும்வரை.